வாடகைக்கு மூன்று பேர்

அத்தியாயம் 17

செந்தாமரையின் பொறுமைக்கு நீடாமங்கலம் கடைத்தெருவில் போட்ட விலை முப்பதாயிரம் ரூபாய். ஆளுக்குப் பத்தாயிரம் வீதம் மூன்று பேர். வேன் வாடகை தனி. மத்தியானம் மட்டன் பிரியாணி, அதுவும் தனி.

பொறுமைக்கெல்லாம் விலை உண்டா என்று கேட்பவர்கள் அவளுடைய அண்ணன் அறிவுச்செல்வனிடம் வியாபாரம் செய்து பார்க்காதவர்கள். மனிதர் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா கிடைக்காத நாளில் ஒரு மூட்டை கேட்டு வருகிறவன் தலையில், யாரும் சீந்தாத சத்து மருந்து டப்பா ஒன்றையும் கட்டி, போகும்போது அவனையே நன்றி சொல்ல வைத்து அனுப்புவார். வாங்கிய சரக்கு அந்த மாதமே கைமாறாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவரிடம் போய், "மூணு வருஷம் பொறுத்துக்கண்ணே" என்று தங்கை வாக்கு வாங்கியிருந்தாள்.

அந்தக் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு தடவை. வெண்ணாறு மகளிர் ஹாக்கிக் கழகம், ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா கோவிந்தராசு ஆரம்பித்தது. அவர் போனபின் மகன் செயலாளர், மகள் பயிற்சியாளர். இருந்த நல்ல ஆட்டக்காரிகளில் ஐந்து பேரைப் போலீஸ் வேலை கொண்டுபோனது, நாலு பேரைக் கல்யாணம் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கும் செந்தாமரை, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் புது அணி கட்டினாள். கோல் காப்பவள் அறிவுச்செல்வனின் மகள் தமிழ்நிலா. பத்தாம் வகுப்பு.

இது இரண்டாவது வருஷம். லீக்கில் எட்டு அணிகள். ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் ஏழு கோல் வாங்கினார்கள். அடுத்து ஆறு. அடுத்து ஐந்து, மறுபடி ஐந்து, பிறகு நாலு, அதில் திருப்பி ஒன்று அடித்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று சமம். இன்று ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானத்தில், குத்தாலத்தோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் லீக்கில் நீடிக்கலாம். ஜெயிக்காவிட்டால் கடைசி இடம். கடைசி அணியை எடுத்துவிடுவார்கள். மறுபடி உள்ளே வர இரண்டு வருஷம்.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஞாயித்துக்கெழம நான் பாத்துக்குறேன்" என்று அறிவுச்செல்வன் எழுந்து போனாரே, என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று செந்தாமரைக்கு அப்போது விளங்கவில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் ஸ்கூட்டியை நிறுத்தியதும் விளங்கிவிட்டது.

மைதானத்தில் கொக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

நாலு கொக்கு. கணுக்கால் தண்ணீரில் நிதானமாக. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு தங்கையன் நின்றிருந்தார். அறிவுச்செல்வனின் டிராக்டர் ஓட்டுவதும் மைதானத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. செய்த வேலைக்குச் சபாஷ் வாங்கப் போகிறவர் முகம் அவருக்கு.

"என்ன தங்கையண்ணே இது?"

"தண்ணி டீச்சர்."

"தண்ணின்னு தெரியுது. ஏன் இங்க நிக்குது?"

"செயலாளர் ராத்திரி போன் பண்ணுச்சு. மேட்சுக்கு முன்னாடி கிரவுண்டுக்குத் தண்ணி அடிச்சு வைக்கணும், வர்ற பொண்ணுவ கேக்குறாங்கன்னு. த்ரீ பேஸு கரண்டு ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு. அப்பலேர்ந்து மோட்டாரு ஓடுது." கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பக்கத்து வாய்க்காலுக்கு ஓடிடப் போவுதேன்னு நாலு பக்கமும் வரப்பு அணைச்சு வுட்டுட்டேன். ஒரு சொட்டு வெளிய போவல."

செந்தாமரை வரப்பைப் பார்த்தாள். அழகான வரப்பு. நாற்று இருந்தால் நட்டுவிடலாம்.

தங்கையனைத் திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். 'வர்ற பொண்ணுவ கேக்குறாங்க' என்றாரே, அது அப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் கேட்பது செயற்கைப் புல்லில் ஆடுகிறவர்கள் வழக்கம். குழாயைப் பிடித்து நனைத்தால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். டெல்டாவின் களிமண்ணில் எவரும் தண்ணீர் கேட்டதில்லை. கேட்டவர்கள் மண்ணில் ஆடாதவர்கள். ஊருக்குப் புதியவர்கள்.

"மோட்டார நிறுத்துங்க. வரப்ப வெட்டி வுடுங்க" என்றாள். ஸ்கூட்டி கடைத்தெருவுக்குத் திரும்பியது.

அறிவுச்செல்வன் கடையின் பாதி ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"யார வரச் சொல்லிருக்கே?"

"காபி குடிச்சியா?"

"அண்ணே, யார வரச் சொல்லிருக்கே?"

ஊதுபத்தியைச் சொருகிவிட்டு உட்கார்ந்தார். "மெட்ராஸ்லேர்ந்து மூணு பேரு. ஹாஸ்டல்ல தங்கி ஆடுற பொண்ணுவ. ஒண்ணு கோலுக்கு, ஒண்ணு தடுக்க, ஒண்ணு அடிக்க. ஒரே ஒரு ஆட்டம். ஆடிட்டு ராத்திரி ரயில்ல ஏறிடுவாங்க."

"வெளியாளுவ ஆட முடியாது. பேரு எப்பவோ பதிஞ்சாச்சு."

"பேரு நம்ம பிள்ளைவ பேருதான்" என்றார் அறிவுச்செல்வன். "ஆளுதான் வேற."

மேஜைமேல் பட்டியலைத் திருப்பி வைத்தார். லீக் படிவம். சட்டை எண், பெயர், பிறந்த தேதி. படம் ஒட்டும் இடம் அதில் இல்லை. ஒன்று, நாலு, ஒன்பது ஆகிய எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி. தமிழ்நிலா. ஆஷிகா. கனிமொழி.

"ஒம் பொண்ணு பேர்ல இன்னொருத்திய நிறுத்தப் போறியா?"

"அதனாலதான் மொதல்ல அவளுக்குப் புள்ளி வச்சேன். சொந்தப் பொண்ண வச்சுக்கிட்டு ஊரான் வீட்டுப் பொண்ண உக்கார வச்சுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது பாரு." நியாயஸ்தன் என்ற பெருமை அவர் முகத்தில் நிஜமாகவே இருந்தது. செந்தாமரைக்குக் காது இரண்டும் கொதித்தன.

"ஏழு, ஆறு, அஞ்சு, அஞ்சு, நாலு, ஒண்ணு. ஒனக்குக் கண்ணு தெரியலயா? இந்தப் பிள்ளைவ ஏறி வருதுண்ணே. ரெண்டு வருஷமா காலையில அஞ்சு மணிக்கு வருதுவ. ஒரு நாளு லீவு கேட்டதில்ல."

"நஷ்டம் கொறையுதுன்னு சொல்றே. லாபம் எப்பன்னு சொல்லு."

"நாத்து நட்டவொடனே..."

"பயிரு கதையெல்லாம் எங்கிட்ட வேணாம் தாமரை. நான் பயிருக்கு மருந்து விக்கிறவன்." படிவத்தை இன்னும் கொஞ்சம் தள்ளினார். "நீ என் மேல கோவப்படு. பரவால்ல. ஆனா இதுக்குப் பதில் சொல்லு. இன்னைக்குத் தோத்தா ரெண்டு வருஷம் லீக் கெடையாது. கனிமொழிக்கு அப்ப பதினெட்டு. அவங்கம்மா சும்மா வச்சிருக்கும்னு நெனைக்கிறியா? கட்டிக் குடுத்துடும். ஆஷிகா காலேஜுன்னு திருச்சிக்குப் போயிடும். ஒன்னோட மூணு வருஷப் பொறுமைய எங்க வச்சு ஆடுவே? பள்ளிக்கூட மாடியிலயா? மூணு பேரு ஒரு சாயங்காலம் உக்காந்தா பதினாறு பேருக்கு அடுத்த வருஷம் இருக்கு."

செந்தாமரை படிவத்தைப் பார்த்தாள். அண்ணன் சரக்கை விற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எந்த இடத்தில் அவள் கை நழுவும் என்று பார்த்து, சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டார் என்றும் தெரியும். தெரிந்தும் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே இரவுகளில் போட்டுப் பார்த்து, பயந்து, பாதியில் நிறுத்திய கணக்கு அது.

"பயிற்சியாளர் கையெழுத்துங்கற எடத்துல" என்று பேனாவைத் திறந்து கொடுத்தார்.

போட்டாள். அழுத்திய அழுத்தில் கடைசி எழுத்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

"நீயே பிள்ளைவகிட்ட சொல்லிடு" என்றார் அறிவுச்செல்வன். "நீதான கோச்சு."

ஆட்டமிருக்கிற நாளில் பதினாறு பேருக்கும் சாப்பாடு அறிவுச்செல்வன் வீட்டில்தான். அண்ணி குந்தவை சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் செய்து, கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துப் பரிமாறுவாள். அன்றும் பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்போது ஓட்டல் பையன் வந்து மூன்று பிரியாணிப் பொட்டலத்தை வாசல் நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனான். வாசனை கூடம் முழுக்கப் போனது.

"அய்! யாருக்கு அத்தை?" என்றாள் தமிழ்நிலா.

"ஆமா, யாருக்கு?" என்று குந்தவையும் கரண்டியோடு திரும்பினாள்.

இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை. செந்தாமரை சொன்னாள். பேர் படித்தாள். ஒன்று, நாலு, ஒன்பது. இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்றாள். அடுத்த வருஷத்துக்காக என்றாள். அண்ணனுடைய வார்த்தைகளை அப்படியே எடுத்துச் சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்தபோது அவை இன்னும் மட்டமாக இருந்தன.

ஆஷிகா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் சொட்டியது, அதையும் சேர்த்துப் பிசைந்தாள். கனிமொழி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. இரண்டு வாய் உள்ளே போனபிறகுதான் பேசினாள்.

"மிஸ், எங்கம்மா இன்னைக்கு வருது."

"தெரியும்டா."

"கொள்முதல் நிலையத்துல நெல்லு தூத்துற வேலைய வுட்டுட்டு வருது. இதுவரைக்கும் ஒரு மேட்சு பாத்ததில்ல. மைக்குல ஒம்பதாம் நம்பர் கனிமொழின்னு சொல்வாங்கள்ல, அப்ப எந்திரிச்சுப் பாக்கும். யாரப் பாக்கும்?"

செந்தாமரை அவளுடைய தண்ணீர் டம்ளரை எடுத்து நிரப்பி வைத்தாள்.

தமிழ்நிலா மட்டும் அழவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து அத்தைக்கு எதிரே நின்றாள். "படிவத்துல யாரு கையெழுத்து?"

"நான்தான்."

"ஓ. அப்பான்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தியிருந்தாலாவது செந்தாமரைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நிமிஷம் கழித்து அறிவுச்செல்வன் சாப்பிட வந்தார். குந்தவை அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.

"குந்தவ, சோறு."

"வாசல்ல பிரியாணி இருக்கு, எடுத்துக்குங்க."

"அது அந்தப் பொண்ணுவளுக்கு."

"அவளுவதான் இனிமே ஒங்க பொண்ணுவ. எம் பொண்ணு பேர வித்துட்டு வந்து எங்கிட்ட சோறு கேக்குறீங்களா? வெக்கமா இல்ல?"

மூன்று பிரியாணியும் நாலு மணி வரை வாசலிலேயே கிடந்தது. அதைச் சாப்பிட வேண்டியவர்கள் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றிருந்தார்கள். சரக்கு ரயில் ஒன்று இஞ்சின் மாற்றும் வரை முக்கால் மணி நேரம் கேட்டைத் திறக்கவில்லை. காய்ந்த வயிற்றோடு மைதானத்தில் வந்து இறங்கினார்கள்.

மூவரில் நெடியவள் ஷமீரா. கிட்டத்தட்ட ஆறடி. வேனிலிருந்து குதித்து, செந்தாமரையைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள்.

"மேடம், கிரவுண்டு எங்க?"

"இதாம்மா."

ஷமீரா பார்த்தாள். காலையில் வரப்பை வெட்டித் தண்ணீரை விரட்டியிருந்தார்கள். மாசி மாத வெயிலில் மேல் மண் காய்ந்து அப்பளம்போல வெடித்திருந்தது. கால் வைத்தாள். அப்பளம் உடைந்தது. கீழே சேறு. ஷூ உள்ளே போய், சளக் என்று சத்தத்தோடு வெளியே வந்தது.

"தண்ணி அடிக்கத்தான சொன்னோம்..."

"அதான் அடிச்சிருக்கு" என்றார் தங்கையன் பின்னாலிருந்து.

முதல் பாதியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. புல்லில் மின்னல்போல ஆடுகிற பெண்கள் சேற்றில் சிக்கின மாடுகளாக நின்றார்கள். தட்டிய பந்து இரண்டு முழம் ஓடிச் செத்தது. வாடகைக் கோல்கீப்பர் கவசத்தோடு விழுந்து எழுவதற்குள் குத்தாலத்துப் பிள்ளைகள் இரண்டு முறை உள்ளே தள்ளிவிட்டார்கள். அவர்களும் டெல்டாப் பிள்ளைகள்தான். மழைக்காலத்தில் எந்த மைதானத்தில் ஆடிப் பழகியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மைக்கில் "ஒன்பதாம் எண், கனிமொழி" என்று சொன்னபோது, வேலியோரம் தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் நின்ற ஒரு பெண்மணி எட்டி எட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவரிடம் என்னவோ கேட்டாள். செந்தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இடைவேளையில் ஷமீரா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நேராக அவளிடம் வந்தாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த வாரம் எங்களுக்கு செலக்ஷன். இதுல ஆடி கால் போச்சுன்னா உங்க பத்தாயிரத்த வச்சு நான் என்ன பண்ணுவேன்? பணம் வேணாம். உங்க பிள்ளைங்களையே எறக்குங்க."

"எறக்க முடியாதும்மா."

"ஏன்?"

"நீங்கதான் அவங்க."

ஷமீராவுக்குப் புரியச் சில விநாடி ஆனது. வெளியே உட்கார்ந்திருக்கும் கனிமொழியை மாற்று ஆட்டக்காரியாக அனுப்ப முடியாது. படிவத்தின்படி கனிமொழி ஏற்கெனவே உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறாள். தமிழ்நிலாவும் அப்படியே. ஆஷிகாவும் அப்படியே. மூன்று பேரும் தங்கள் பெயராலேயே வெளியே பூட்டப்பட்டிருந்தார்கள்.

அறிவுச்செல்வனுக்கு அது ஒரு நொடிதான் சிக்கல். "சட்டைய மாத்திவுடு. ஒம்பது உள்ள போச்சு, ஒம்பது வெளிய வந்துச்சு. எவனுக்குத் தெரியப் போவுது?"

செந்தாமரைக்குச் சிரிப்பு வந்தது. கொலை செய்யலாம்போல் இருக்கும்போது வருகிற சிரிப்பு. "காலையில வேணாம்னு சொன்ன பிள்ளைவ இப்ப வேணுமா?"

"பேச நேரமில்ல தாமரை. ரெண்டு கோலு கீழ நிக்கிறோம்."

"வாய மூடுண்ணே. இன்னும் ஒரு வார்த்த பேசினே, மைக்குல போயிச் சொல்லிடுவேன்."

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிமெண்ட் ஷீட் கொட்டகைக்குள் மூன்று ஈரச் சட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். மூன்று பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவள் யோசிக்கும்போதே கனிமொழி எழுந்து, ஒன்பதாம் எண்ணை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். சேற்றைப் பிழிந்தாள். போட்டுக்கொண்டாள். முழங்கால் வரை தொங்கிய சட்டையை இடுப்பில் சொருகினாள்.

"எங்க பேருக்கு ரெண்டு கோலு வாங்கி வச்சிருக்காளுவ" என்றாள். "வாங்கடி."

இரண்டாம் பாதியில் நடந்ததை நீடாமங்கலம் இன்னும் ஒரு மாதம் பேசும். உருட்டினால் ஓடாத பந்தை உருட்டவே இல்லை அந்தப் பிள்ளைகள். மட்டையால் கிள்ளித் தூக்கிப் போட்டார்கள். கனிமொழி மூன்று பேர் தலைக்குமேல் தூக்கிப் போட்டு, அவளே ஓடிப் போய், விழுவதற்குள் அடித்தாள். ஒன்று. வேலியோரம் தலைத்துணி காற்றில் சுழன்றது. தமிழ்நிலா இரண்டு தடவை சேற்றில் நீந்திப் போய்க் காலால் தடுத்தாள். மூன்றாவது பந்து ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்தது, அவள் அசையவில்லை. ஆஷிகா பின்னாலிருந்து ஏறி வந்து கூட்டத்துக்குள் பந்தைத் திணித்தாள். இரண்டு.

இரண்டுக்கு இரண்டு. இன்னும் பதினொரு நிமிஷம்.

செந்தாமரை உள்ளங்கையை நகம் பதியக் குத்திக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தோஷத்தை முழுசாக விழுங்க முடியவில்லை. கையெழுத்து குறுக்கே நின்றது.

குத்தாலம் அணித் தலைவி கையைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடினாள். முன்னிலையில் இருந்தவரை அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

"சார், மொத பாதியில இந்த ஒம்பதாம் நம்பரு எந்தலைக்கு மேல ஒசரம். இப்ப எந்தோளுக்குக் கீழ இருக்கா. இன்டர்வெல்லுல சுருங்கிட்டாளா?"

வேலியோரக் கூட்டம் சிரித்தது. நடுவர் விசில் ஊதி, மேஜையிலிருந்த லீக் அலுவலரை அழைத்தார். கண்ணாடி போட்ட, அவசரப்படாத மனிதர். படிவத்தை விரித்துக்கொண்டு வந்தார்.

"உம் பேரு என்னம்மா?"

"கனிமொழி சார்."

"அது எம் மவதாங்க!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஓங்கிய குரல் வந்தது. "அது எம் மவதான்! மொதல்ல ஓடுச்சே நெட்டையா ஒரு பொண்ணு, அது யாருன்னுதாங்க எனக்கும் தெரியல!"

சிரிப்பு நின்றது.

அலுவலர் சுற்றிலும் பார்த்தார். குத்தாலத்துப் பயிற்சியாளர் கோல் பக்கம் கை காட்டினார். "கோல்கீப்பரு செயலாளர் பொண்ணு சார். அதக் கேளுங்க."

தமிழ்நிலா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் வேர்வை, கழுத்தில் சேறு. கோட்டுக்கு வெளியே அறிவுச்செல்வன் நின்று, மெல்ல மெல்லத் தலையாட்டினார். ஆமான்னு சொல்லு. ஆமான்னு சொல்லு.

"மொத பாதியில கோல்ல நின்னது நீயாம்மா?"

தமிழ்நிலா அப்பாவைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

செந்தாமரை வாயைத் திறந்தாள். 'சார், படிவம் என்னுது' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்து, பதினொரு நிமிஷம் என்று நினைத்து, ஒரு மூச்சு நேரம் நின்றது.

அந்த ஒரு மூச்சை அந்தப் பெண் அவளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அலுவலர் பக்கம் திரும்பினாள்.

"நான் இல்ல சார்."

"அப்ப யாரு?"

"எனக்குத் தெரியாது சார். இப்ப நிக்கிறதுதான் நான்."

அலுவலர் மேஜைக்குப் போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். ஆட்டம் செல்லாது. குத்தாலத்துக்கு மூன்று, வெண்ணாறுக்குப் பூஜ்யம், விதிப்படி. அடித்த கோல் எதுவும் பதிவில் வராது. படிவத்தின் கிழிந்த மூலையைச் செந்தாமரையிடம் காட்டினார்.

"உங்க கையெழுத்துதானா?"

"என் கையெழுத்துதான். பிள்ளைவளுக்குச் சம்மந்தம் இல்ல."

"அத அடுத்த ஞாயிறு தஞ்சாவூர்ல கமிட்டி முன்னாடி சொல்லுங்க. பேரு குடுக்கச் சம்மதிச்சிருந்தாங்கன்னா மூணு பேருக்கும் மூணு வருஷம் தடை. சம்மதிக்கலைன்னா, பேரத் திருடினது யாருன்னு அவங்களே வந்து சொல்லணும்."

அவர் நகர்ந்ததும் அறிவுச்செல்வன் மகள்மேல் பாய்ந்தார். "பதினோரு நிமிஷம்! பதினோரு நிமிஷம் வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா..."

"ரெண்டு வருஷம் மூடிக்கிட்டுதானப்பா நின்னோம்" என்றாள் தமிழ்நிலா. "நீங்க திட்டுனப்ப எல்லாம்."

அவர் கை ஓங்கியது. செந்தாமரை நடுவில் வந்து நின்றாள். அந்தச் சேற்றில், ஊர் பார்க்க, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொட்டுப் பாரு."

கை இறங்கியது. குரலும் இறங்கியது. வியாபாரக் குரல் வந்தது. "சரி. நடந்தது நடந்து போச்சு. கமிட்டில எல்லாம் நீயே செஞ்சதுன்னு ஒத்துக்க. ஒனக்குத் தடை வரும், அவ்ளோதான். கிளப்பு பொழைச்சுக்கும்."

"நான் செஞ்சத ஒத்துக்குறேன். நீ செஞ்சத நீ ஒத்துக்க."

"நான் எதுல கையெழுத்து போட்டிருக்கேன்?" என்றார் அறிவுச்செல்வன்.

அதைக் கேட்டுக்கொண்டு குந்தவை நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் கையில் அவருடைய செல்போன் இருந்தது. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததை எடுத்து வந்திருக்கிறாள். அதில் சென்னை ஹாஸ்டலுக்கு அவர் அனுப்பிய செய்திகள் வரிசையாக இருக்கும். குந்தவை அவரிடம் நீட்டவில்லை. இடுப்பில் சொருகிக்கொண்டு, மகளின் கால் கவசத்தை அவிழ்க்கக் குனிந்தாள்.

வெளிச்சம் மங்குவதற்குள் கொட்டகையில் உட்கார்ந்து, பயிற்சியாளர் எழுத வேண்டிய பருவப் பதிவேட்டைச் செந்தாமரை திறந்தாள். இனி இந்தப் பதிவேடு அவள் கையில் இருக்குமோ இருக்காதோ. எழுதினாள். ஆட்டம் ஏழு. வெற்றி இல்லை. சமம் ஒன்று. தோல்வி ஆறு. அடித்தது இரண்டு. வாங்கியது முப்பத்தொன்று.

"நாலு மிஸ்" என்றாள் பின்னாலிருந்து கனிமொழி. சட்டையைக் கழற்றாமலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் மற்ற இருவரும். "அடிச்சது நாலு."

"லீக்குல எழுத மாட்டாங்கடி."

"லீக்க யாரு கேட்டா? நீங்க எழுதுங்க."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. செந்தாமரை திரும்பி மூன்று முகங்களையும் பார்த்தாள். ஒரு முகத்திலும் மன்னிப்பு இல்லை. காத்திருக்க மட்டும் செய்தார்கள். இரண்டு வருஷமாகச் செய்து வந்ததைப் போல.

பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எழுதினாள்.

தர வேண்டியது: கனிமொழிக்கு ஒரு கோல். ஆஷிகாவுக்கு ஒரு கோல். தமிழ்நிலாவுக்குப் பதினொரு நிமிஷம்.